செந்துறை அக்காவின் கார்

அந்தக் காரை முதன்முதலாகப் பார்த்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. பெரம்பலூரில் அரியலூர் சாலையோரம் இருந்த எங்கள் பட்டறையை நோக்கி ஒரு வெள்ளைக் கார், இரண்டு பக்கமும் விளக்கு மினுக்க, மனிதர் நடக்கிற வேகத்தில் வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு டவுன் பஸ், அதற்கும் பின்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரி, ஒரு பால் வண்டி என்று ஒரு வரிசையே ஹாரன் அடித்தபடி நின்றும் நகர்ந்தும் வந்தது. கார் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் சாமி புறப்பாடு போல அசைந்து வந்து பட்டறை வாசலில் ஏறி நின்றது. ஓட்டி வந்தவர் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். நூல் புடவைக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. இறங்கியதும் பஸ் டிரைவரைப் பார்த்து நிதானமாகக் கையை வீசிப் போகச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஆமை வந்துருச்சும்மா. எத்தனையாவது வாட்டின்னு எண்றதையே விட்டுட்டேன்" என்றார்.

மின்சாரக் கார் வைத்திருக்கிற சிலருக்கு அந்த ஆமையைத் தெரிந்திருக்கும். கேட்ட அளவு மின்சாரத்தைப் பேட்டரியால் கொடுக்க முடியாதபோது, மொத்தமாக நின்றுபோவதற்குப் பதில் கார் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது ஸ்டீரிங்குக்குப் பின்னால் உள்ள திரையில் மஞ்சள் நிறத்தில் சின்னதாக ஓர் ஆமைப் படம் எரியும். சார்ஜ் தீரும் தறுவாயில் அது வருவது இயல்புதான். இந்தக் காரிலோ பாதி சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே வந்தது. கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் போய்விடும். போன பிறகு எதுவுமே நடக்காதது போல் கார் ஓடும். மறுபடி எப்போது வரும், எந்த இடத்தில் வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பேட்டரி முழுவதையும் மாற்றிவிடுங்கள் என்று ஒரு இடத்தில் சொல்லியிருந்தார்கள். இரண்டாம் கையாக வாங்கிய காருக்கு அது அவரால் ஆகிற காரியம் இல்லை.

நான் அந்தப் பட்டறையில் சேர்ந்து அப்போது ஓராண்டு ஆகியிருக்கும். டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், கார்களுக்கான பேட்டரிப் பெட்டிகளைப் பூட்டும் வரிசையில் வேலை பார்த்தவள். வரிசை முழுக்கப் பெண்கள். ஷிப்ட் முடிந்தால் ஒரே பஸ், ஒரே ஹாஸ்டல், ஒரே சாம்பார். கல்யாணமாகிப் பெரம்பலூருக்கு வந்தபோது அதெல்லாம் விட்டுப்போயிற்று. எங்கள் முதலாளி லாரி பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் அந்த வட்டாரத்தில் பேர் வாங்கியவர். சாலையில் மின்சாரக் கார்கள் ஒன்றிரண்டாகத் தென்பட ஆரம்பித்ததும் அந்த வேலையையும் எடுக்க ஆசைப்பட்டார். ஆனால் அந்தப் பேட்டரிகளைத் தொட அவருக்குப் பயம். லாரி பேட்டரியின் இரண்டு முனையையும் வெறும் கையால் பிடித்துப் பழகியவர், காரின் அடிவயிற்றில் முன்னூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அதைப் பாம்புப் பெட்டி என்றுதான் சொல்வார். நான் கையுறை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறக்கிற நாளெல்லாம் அவர் நான்கடி தள்ளி, காய்ந்த மூங்கில் கழி ஒன்றைப் பிடித்தபடி நிற்பார். எனக்கு ஏதாவது ஆனால் அதை வைத்து என்னைத் தள்ளிவிடுவதற்காம். சிரிப்பாக வரும். ஆனால் எத்தனை வேலை கிடந்தாலும் அந்தக் கழியை அவர் வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை.

வந்தவரின் ஊர் செந்துறை. அதனால் எங்கள் பட்டறையில் அவர் பெயர் செந்துறை அக்கா என்றே நிலைத்துவிட்டது. முன் இருக்கையில் அவருடைய கணவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சிமெண்ட் ஆலைகளுக்குக் கல் ஏற்றுகிற லாரியைப் பல வருடம் ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் திருச்சிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டிய நிலை. பக்கத்தில் எங்கும் அப்போது அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பஸ்ஸில் போய்ப் பார்த்தார்கள். போகும்போது ஒரு மாதிரி சமாளித்தவர் திரும்பும்போது துவண்டு விழுந்தார். அதற்குப் பிறகுதான் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, இந்தக் காரைத் தேடிப் பிடித்து வாங்கினார். செந்துறையிலிருந்தே அதே சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரையும் கூட ஏற்றிக்கொண்டார். லால்குடி வழியாகப் போனால் திருச்சி பக்கம்தான். ஆனால் அந்தச் சாலையின் மேடுபள்ளத்தில் ஊசி குத்திய கை அதிர்கிறது என்று சுற்றிக்கொண்டு பெரம்பலூர் வந்து, நால்வழிச் சாலையில்தான் போவார்.

"எங்க வூட்டுக்காரருக்கு இது வண்டி இல்லம்மா, ரெண்டு கிட்னியும் இதுதான்" என்று அன்றைக்கு அக்கா சொன்னார். தன்னைச் சொல்கிறார் என்று தெரிந்து அந்த மனிதர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து இலேசாகத் தலையசைத்தார்.

அன்றைக்கு மட்டும் அவர்களை வேறு வண்டி பிடித்து அனுப்பிவிட்டு, காரை நாங்கள் வைத்துக்கொண்டோம். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். ஒரு காரின் பேட்டரி என்பது ஒற்றைப் பொருள் அல்ல. நூறு போல சின்னச் சின்ன செல்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி ஒரு பெரிய பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு செல்லும் எந்த அளவில் நிற்கிறது என்று ஸ்கேனர் காட்டும். எல்லாம் ஒரே மட்டத்தில், அறுவடைக்கு நிற்கிற நெல் போல நின்றன. செல்களுக்கிடையே வித்தியாசம் கண்டதாக ஒரு பழைய குறிப்பு மட்டும் காரின் நினைவில் இருந்தது. எது, எங்கே என்பது இல்லை. துறையூர் சாலையில் கொஞ்ச தூரம் விரட்டி ஓட்டினேன். முதலாளியைப் பின்னால் உட்காரவைத்து, சிமெண்ட் மூட்டைகளை ஏற்றி ஓட்டினேன். ஆமை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் வந்த அக்காவிடம் இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை.

"உன்னய பாத்தா வண்டி நல்ல புள்ளையாயிருது. எங்களோட ஒரு நாள் திருச்சிக்கு வா. அப்பத்தான் அதோட லட்சணம் தெரியும்" என்றார்.

அப்படித்தான் நான் அந்தக் காரில் ஏறினேன். அதிகாலையில் செந்துறையில் கிளம்பி, வெளிச்சம் பரவும் நேரத்தில் பெரம்பலூரில் என்னை ஏற்றிக்கொண்டார்கள். பின் இருக்கையில் தபால்கார ஐயாவுக்குப் பக்கத்தில், மடியில் ஸ்கேனரோடு உட்கார்ந்தேன். மின்சாரக் காரில் சத்தம் கிடையாது என்பதால் உள்ளே எல்லோரும் மெதுவாகவே பேசினார்கள். தபால்கார ஐயா தான் சைக்கிளில் கடிதம் கொடுத்த ஊர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். என் மாமியார் ஊர் எது என்று கேட்டு, அந்தத் தெருவில் எந்த வீட்டில் நாய் கடிக்கும் என்பதுவரை சொன்னார். லாரி ஓட்டிய மனிதர் அதிகம் பேசவில்லை. ஆனால் முன்னால் ஏதாவது வண்டி குறுக்கே வந்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதித்தது. அக்கா அதைக் கவனித்துவிட்டுச் சிரித்தார். அங்கே பிரேக் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை என்றார். பாடாலூர் தாண்டியதும் கண்ணாடியை இறக்கச் சொல்லி, வயல்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு வந்தார் அந்த மனிதர். வேறு எந்த வேலைக்காகவும் நான் அவ்வளவு மகிழ்ச்சியாகப் பயணம் போனதில்லை. மருத்துவமனைக்குப் போகிற கார் என்பதே மறந்துபோயிற்று.

திருச்சியில் அவர்கள் இருவரும் உள்ளே படுத்திருந்த நேரத்தில் அக்காவும் நானும் காரைச் சார்ஜ் போட்டுவிட்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அக்கா தன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். அவருடைய அம்மா காலம்வரை அடுத்தவர் வயலில் நடவுக்குப் போன குடும்பம். இவரும் முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கி வளர்ந்தவர்தான். கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது தெருவில் சிரித்தவர்கள், இப்போது அவசரம் என்றால் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள் என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. தூக்கம் கெடுகிறது என்ற குறையாகத்தான் சொன்னார். டிபன் டப்பாவைத் திறந்து எனக்குப் புளிச்சாதம் எடுத்து வைத்தார். கணவருக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்பதால் அவர் எதிரில் தானும் தண்ணீர் குடிப்பதில்லையாம். அங்கே உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

திரும்பும்போதுதான் நடந்தது. நல்ல வெயில். சிகிச்சை முடிந்து வந்தவர்கள் வெளுத்துப்போய், ஈரத் துணி மாதிரி இருக்கையில் சாய்ந்திருந்தார்கள். பாடாலூரை நெருங்குகிற இடத்தில் ஒரு மேம்பாலம். முன்னால் வைக்கோல் லாரி ஒன்று பாலத்தின் ஏற்றத்தில் முக்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்ட அக்கா காலை அழுத்தினார். என் மடியில் இருந்த ஸ்கேனரில், ஒரே மட்டத்தில் நின்ற எண்களில் ஒரு கட்டின் எண்கள் மட்டும் சரசரவென்று கீழே இறங்கின. மற்றதெல்லாம் அப்படியே நிற்க, அவை மட்டும் இறங்கிக்கொண்டே போயின. ஆமை எரிந்தது. கார் துவண்டது. ஏசியும் அடங்கிப்போயிற்று. பின்னால் வந்த டிப்பர் அலறிக்கொண்டே எங்களை ஒட்டிச் சென்றது. கார் குலுங்கியது. அக்கா ஸ்டீரிங்கை விடாமல், பாலத்தின் ஓரத்தோடு ஓரமாக ஊர்ந்து இறங்கி, மரநிழல் இருந்த இடம்வரை கொண்டுபோய்த்தான் நிறுத்தினார்.

அதற்குள் முன் இருக்கையில் இருந்தவருக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. கண் மேலே செருகியது. சட்டை முழுக்க வியர்வை. அக்கா இறங்கி ஓடிவந்து இருக்கையைப் பின்னால் சாய்த்தார். என்னை ஒரு காலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு இன்னொரு காலைத் தன் தோளில் வைத்துக்கொண்டு, சாலையோரத்தில் நின்றபடி அவருடைய முகத்தையே பார்த்தார். "ஏங்க, கண்ண தொறந்து என்னய பாருங்க. பாத்துக்கிட்டே இருங்க, தூங்கிராதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குரல் உயரவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறபோது பேசுகிற மாதிரி பேசினார். தபால்கார ஐயா தன் துண்டால் விசிறிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த மனிதரின் பார்வை திரும்பி வந்து அக்காவின் முகத்தில் நின்றது. அவர் முதலில் கேட்டது, லாரிக்காரன் இடித்துவிட்டானா என்று. அப்போதுதான் அக்கா அழுதார். அதுவும் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஒரு நிமிடம்.

ஸ்கேனரில் பார்த்தேன். இறங்கிய எண்கள் மெல்ல மேலேறி மற்றவற்றோடு சேர்ந்துகொண்டன. பாரம் ஏறும்போது மட்டும் ஒதுங்கி, ஓய்வெடுத்ததும் ஒன்றும் தெரியாதது போல் வரிசையில் வந்து நிற்கிற கட்டு. பட்டறையில் ஏன் சிக்கவில்லை என்பது புரிந்தது. வெயிலின் சூடும், தொடர்ந்த ஓட்டமும், ஏற்றமும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் அது தன்னைக் காட்டும். ஏற்றத்தில் காலை அழுத்த வேண்டாம், மெதுவாகவே வீடு போய்ச் சேருங்கள் என்று சொல்லி பெரம்பலூரில் இறங்கிக்கொண்டேன். மறுநாள் விடிந்ததும் அக்கா காரைக் கொண்டுவந்து விட்டார். அதற்கடுத்த நாள் மறுபடி திருச்சி. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு பகல்.

காரை லிப்டில் ஏற்றி, மின்சாரத்தைத் துண்டிக்கிற பாதுகாப்பு பிளக்கை உருவி, அடியில் இருந்த பெட்டியை இறக்கினோம். முதலாளி மூங்கில் கழியோடு தன் இடத்தில் நின்றார். மூடியைத் திறந்ததும் கருகிய வாசனை இலேசாக வந்தது. அந்தக் கட்டை அடுத்த கட்டோடு இணைக்கிற செம்புப் பட்டையின் ஒரு முனை நீலம் பாரித்திருந்தது. எங்கோ ஒரு குலுக்கலில் போல்ட் இலேசாகத் தளர்ந்திருக்கிறது. தளர்ந்த இடத்தில் மின்சாரம் தடைபட்டுத் தடைபட்டுப் பாய்ந்து சூடேறியிருக்கிறது. பட்டையை மட்டும் மாற்றி இறுக்கிவிட்டால் தீர்ந்தது என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதை எடுத்துவிட்டு விளக்கு அடித்துப் பார்த்தபோது, பட்டையை ஒட்டியிருந்த செல் வயிறு உப்பியிருந்தது. விரல் நகம் அளவு உப்பல்தான். இருந்தாலும் உப்பிய செல் உள்ளுக்குள் கெட்டுப்போன செல். அதோடு ஓட்டினால் ஓடும். எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது. ஒரு நாள் ஓட்டத்தில் தீப்பிடிக்கவும் கூடும்.

அந்தக் கட்டையே மாற்ற வேண்டும். விபத்தில் சிக்கிய அதே மாதிரிக் கார் ஒன்றின் பேட்டரியிலிருந்து ஒரு கட்டு சேலத்தில் கிடைக்கும் என்று முதலாளி போனில் பிடித்துவிட்டார். பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னால் சாயங்காலத்துக்குள் வந்துவிடும். வந்ததும் மாட்டிவிட முடியாது என்பதுதான் சிக்கல். புதிதாக வருகிற கட்டையும் பழையவையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் சேர்த்து மாட்ட வேண்டும். அதை அவசரப்படுத்த வழியில்லை. ஒரு முழு நாளாவது பிடிக்கும். மதியம் அக்கா வந்தார். பட்டையை மட்டும் மாற்றிக் கொடு, நாளைக்குப் போய் வந்துவிட்டு மறுபடி கொண்டுவந்து விடுகிறேன் என்றார். ஒரு ஓட்டம்தானே, மெதுவாகப் போனால் தாங்காதா என்று முதலாளியும் என் முகத்தைப் பார்த்தார். நான் முடியாது என்றேன்.

அக்காவின் முகம் மாறியது. "நீ நேத்து அந்தப் பாலத்துல இருந்தியா இல்லியா? அவரு கண்ணு மேல போனத பாத்தியா இல்லியா? பாத்துட்டு, நாளைக்கு வண்டி இல்லங்கிற" என்றார்.

"பாத்ததாலதாங்கக்கா இல்லங்கிறேன்" என்றேன். "மூணு பேரும் உள்ள இருக்கும்போது அது புகைஞ்சா, அவர எறக்க உங்களுக்கு நேரம் இருக்காதுங்க."

அவர் திறந்து கிடந்த பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். உன்னை நம்பியது என் தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய், சாலையோரத்தில் வெயிலிலேயே நின்றார். தொழிற்சாலையில் தினம் எத்தனையோ கட்டுகளைப் பூட்டியிருக்கிறேன். அவற்றில் ஒன்றாவது யார் காரில் போகிறது, எந்த மனிதரைச் சுமக்கிறது என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. அன்றைக்கு ஒரு கட்டுக்காக ஒரு மனிதரின் நாளை நான் நிறுத்திவைத்திருந்தேன். சரிதான் என்று தெரிந்தும் கை ஓடவில்லை. அப்போது முதலாளி கழியைச் சுவரில் சாத்திவிட்டு வெளியே போனார். அவரிடம் ஒரு பழைய டீசல் ஜீப் இருந்தது. பேட்டரி ஏற்றி இறக்கத்தான் அது. ஆட்களை ஏற்ற அல்ல. அதில் மெத்தை போட்டு நாளைக்குத் தானே செந்துறைக்கு வந்து அழைத்துப் போவதாக அவர் அக்காவிடம் சொல்வது எனக்குக் கேட்டது. "புள்ள முடியாதுன்னா முடியாதும்மா. அது பயந்து சொல்லல. நான்தான் பயப்படுறவன்" என்றார்.

சொன்னபடியே போனார். ஜீப்பின் பின்பக்கத்தைக் கழுவி, தன் வீட்டுக் கட்டிலில் கிடந்த இலவம்பஞ்சு மெத்தையைக் கொண்டுவந்து விரித்து, விடிவதற்குமுன் கிளம்பினார். அந்தப் பகல் முழுக்க நான் பட்டறையில் தனியாக அந்தக் கட்டின் பக்கத்தில் உட்கார்ந்து எண்கள் மெல்ல மெல்ல ஒன்றாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஜீப் திரும்பி வந்தது. மெத்தையில் படுத்திருந்த லாரி டிரைவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். டீசல் வண்டிச் சத்தம் கேட்டதும் மனுஷன் பழைய நினைப்பில் தூங்கிவிட்டார் என்று முதலாளி சொன்னார். அக்கா இறங்கி உள்ளே வந்தார். நான் பெட்டியை மூடி, ஒவ்வொரு போல்ட்டையும் அளவோடு இறுக்கி, காரில் ஏற்றிப் பூட்டும்வரை பக்கத்தில் நின்று விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எங்கே குனிகிறேனோ அங்கே, கேட்பதற்கு முன்பே, வெளிச்சம் வந்து விழுந்தது.

அடுத்த முறை திருச்சிக்குப் போனபோதும் என்னைக் கூட அழைத்துக்கொண்டார். திரும்பும் வழியில் அதே பாலம், அதே வெயில். அக்கா வேண்டுமென்றே காலை அழுத்தினார். எண்கள் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் இறங்கி, சேர்ந்தே ஏறின. கார் பாலத்தைத் தாண்டிக் கீழே இறங்கியபோது தபால்கார ஐயா கைதட்டினார். அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். அந்தக் கோடையில் ஒரு நாள் ஒரு பை நிறைய முந்திரிப் பழம் கொண்டுவந்து பட்டறையில் வைத்தார். சட்டையில் சாறு பட்டால் கறை போகாது, பார்த்துச் சாப்பிடு என்றார். முதலாளியின் வெள்ளைச் சட்டை அன்றோடு போயிற்று.

அதற்குப் பிறகு வந்த சில வருடங்களை நினைத்தால் இப்போதும் மனது நிறைகிறது. திருச்சி போகிற நாட்களில் காலையில் கார் எங்கள் பட்டறையைத் தாண்டும்போது ஒரு ஹாரன். சாயங்காலம் திரும்பும்போது சில நாள் நின்று ஒரு டீ. அக்காவின் கணவருக்கு அரை டம்ளர்தான். அதையும் வாயில் வைத்து வைத்துக் குடிப்பார். என் மகள் பிறந்தபோது அவர்கள் மூவரும் திருச்சியிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். களைத்துப்போயிருந்த அந்த மனிதர் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, ஊசி ஏறாத கையால் அதன் தலையைத் தடவினார். நான் அந்தக் காரின் பேட்டரியை ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் திறந்து பார்ப்பேன். ஒரு போல்ட்கூடத் தளரவில்லை.

கார் அவரை ஒரு நாளும் கைவிடவில்லை. அவருடைய இதயம்தான் ஒரு மார்கழிக் காலையில் நின்றுபோயிற்று. திருச்சிக்குப் போகாத நாள் அது. வீட்டிலேயே, காபிக்காகக் காத்திருக்கும்போது. நானும் முதலாளியும் செந்துறைக்குப் போனோம். வாசலில் பந்தல் ஓரமாகக் கார் நின்றது. காரியம் முடிந்த சில நாளில் அக்கா அதைப் பட்டறைக்கு ஓட்டி வந்தார். விற்கத்தான் கொண்டுவருகிறார் என்று நினைத்து, நல்ல விலைக்குப் போகிற நிலையில் இருக்கிறது என்று நானே ஆரம்பித்தேன். அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார். தபால்கார ஐயா நாளைக்குக் காத்திருப்பாரே என்றார். இன்னும் இரண்டு பேர் வேறு சொல்லி வைத்திருக்கிறார்களாம். பேட்டரியைப் பார்த்துவிடு, போதும் என்றார். பார்த்தேன். அவர் இனி முன் இருக்கையில் யாரையும் உட்காரவைக்காமல், பின்னாலேயே மூவரையும் நெருக்கி உட்காரவைத்து ஓட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. மறுநாள் என் வாசலைத் தாண்டும்போது முன் இருக்கையில் அந்த இரண்டு பேரில் ஒருத்தி, ஒரு கல்லூரிப் பெண், உட்கார்ந்திருந்தாள். அக்கா அவளிடம் எதையோ கைநீட்டிச் சொல்லிக்கொண்டே போனார்.

முதலாளி இப்போது பட்டறைக்கு வருவது குறைவு. நான்தான் நடத்துகிறேன். தபால்கார ஐயாவும் போய்விட்டார். போன மாதம் அக்கா வந்தார். முன்புபோல் இல்லை, சார்ஜ் சீக்கிரம் தீர்கிறது, திருச்சி போய்த் திரும்ப நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றார். காரை ஏற்றி, பெட்டியை இறக்கி, ஒவ்வொரு கட்டாகப் பாரம் கொடுத்துப் பார்த்தேன். தளர்ந்த இணைப்பு இல்லை, உப்பிய செல் இல்லை. நான் மாற்றிய கட்டுகூட மற்றவற்றோடு ஒன்றாகக் கலந்து, எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஆகியிருந்தது. எல்லாமே ஒரே மாதிரி, ஒரே அளவுக்குத் தேய்ந்திருந்தன. பழுது இருந்தால் பார்த்துவிடலாம். இதில் நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று கொஞ்ச நேரம் கையுறையைக் கழற்றாமலே நின்றேன்.

"எதுலயும் கோளாறு இல்லைங்கக்கா. எல்லாத்துக்கும் ஒண்ணா வயசாயிருச்சு" என்றேன். "இனிமே திருச்சி தாங்காதுங்க."

அக்கா குனிந்து அந்தப் பெட்டியைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அதைத் தொட்டதில்லை. இப்போதும் தொடவில்லை.

"அரியலூர் போயி வர தாங்கும்ல?" என்றார்.

தாங்கும், ஒரு சார்ஜில் இரண்டு தடவை போய் வரலாம் என்றேன். இன்னும் சில வருடம் அப்படி ஓட்டலாம் என்றும் சொன்னேன். அது போதும் என்றார். இப்போதெல்லாம் அரியலூரிலேயே இந்தச் சிகிச்சைக்கு இடம் கிடைக்கிறதாம். அடுத்த வாரத்திலிருந்து அவர் ஏற்றிப் போகிறவர்கள் எல்லோருக்கும் அங்கேயே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். இதையும் சொல்லத்தான் வந்தேன், அதற்குள் நீ பெட்டியை இறக்கிவிட்டாய் என்றார். சொல்லிவிட்டு கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருச்சிப் பக்கம் போகிற பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று.

"அந்த ஒடம்ப வச்சுக்கிட்டு எம்மாந் தூரம் வந்துருக்காரு" என்றார் மெதுவாக.

நான் பெட்டியை மூடத் தொடங்கினேன். அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கேட்காமலே விளக்கை எடுத்துப் பிடித்தார்.